எடைக்கு வந்த காலிப்பர்

"அதையும் கழட்டி வைக்கணும்மா" என்றார் சுந்தரேசன் சார்.

கைக்கடிகாரத்தைச் சொல்கிறார் என்று நினைத்துக் கழற்றி மேசை மேல் வைத்தேன். அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. என் புடவைக் கரைக்குக் கீழே பார்த்தார். பார்த்துவிட்டு, பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டவர்போல் சட்டென்று கூரையைப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஆவடியில் எங்கள் குவார்ட்டர்ஸ் மனமகிழ் மன்றத்துக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகை. மெஷின் ஆயில் வாசனை. நடுவில் ஒரு மேசை, அதன் மேல் கூட்டுறவுப் பண்டகசாலையிலிருந்து கடன் வாங்கி வந்த தராசு. சனிக்கிழமை வரை அரிசி நிறுத்த தராசு என்பதால், தட்டின் ஓரத்தில் நாலு பொன்னி அரிசி ஒட்டிக்கொண்டிருந்தது.

சுற்றிலும் பதினைந்து ஆண்கள்.

எனக்குக் கோபம் வந்தால் கை வேகமாகிவிடும். ஸ்டூலில் உட்கார்ந்தேன். குனிந்து மூன்று தோல் வார்களையும் அவிழ்த்து, ஷூவோடு சேர்த்து என் இடது கால் காலிப்பரை உருவி எடுத்து, தராசுத் தட்டில் ணங்கென்று வைத்தேன்.

"ஒரு கிலோ நானூறு" என்றார் சுந்தரேசன் சார், கூரையிலிருந்து கண்ணை இறக்கி. பக்கத்தில் ஒருவர் அதை நோட்டில் குறித்துக்கொண்டார்.

மூன்று வயதில் போலியோ வந்து, என் இடது கால் வளரும் வேலையைப் பாதியிலேயே நிறுத்திக்கொண்டது. அதிலிருந்து அந்தக் காலை இரும்பும் தோலும்தான் தாங்கி வந்தன. எத்தனையோ டாக்டர்கள் அதை அளந்திருக்கிறார்கள். எடை போட்டவர்கள் எங்கள் மன்றத்தார் மட்டும்தான்.

உட்கார்ந்தே ஆடலாம்

எண்பதுகளின் பின்பாதி அது. தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில் நான் ட்ரேசராக இருந்தேன். சில வாரங்களுக்கு முன் இதே பக்கத்தில் அந்த வேலையைப் பற்றி எழுதியிருந்தேன். பென்சில் வரைபடத்தின் மேல் ட்ரேசிங் துணியை விரித்து மையால் கோடு இழுப்பது. கோடு முடியும்வரை மூச்சு விடக் கூடாது. விட்டால் கோடு நெளியும், பிறகு பிளேடால் சுரண்ட வேண்டும். எட்டு மணி நேரமும் மூச்சை அடக்கி அடக்கி விடுவதுதான் எங்கள் பிழைப்பு.

ஒரு நாள் கேன்டீன் வாசலில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். பெஞ்ச் ரெஸ்ட் துப்பாக்கி சுடும் போட்டி. மேசை மேல் முன்பக்கம் ஒரு தாங்கி, பின்பக்கம் ஒரு மணல் பை. இரண்டின் மேலும் ஏர் ரைஃபிளைக் கிடத்தி, ஸ்டூலில் உட்கார்ந்து, பத்து மீட்டர் தள்ளியிருக்கும் அட்டையைச் சுட வேண்டும். "புதியவர்களுக்குத் தனிப் பிரிவு. அனுபவம் தேவையில்லை. உட்கார்ந்தே ஆடலாம்."

நான் கடைசி வரியை மட்டும் மூன்று முறை படித்தேன்.

பள்ளிக்கூடத்தில் விளையாட்டு விழா என்றால் எனக்கு நிரந்தர உத்தியோகம் உண்டு. ஓடுகிறவர்களின் செருப்புக்குக் காவல். மாலையில் மேடையில் எல்லோருக்கும் பரிசு கொடுத்து முடித்த பிறகு, சிஸ்டர் என்னையும் கூப்பிட்டு ஒரு ஆறுதல் பரிசு தருவார். எப்போதும் சோப்பு டப்பா. எங்கள் வீட்டு அலமாரியில் ஆறு கலரில் ஆறு சோப்பு டப்பா இருந்தது. ஒரு பந்தயத்திலும் ஓடாமல் ஆறு பரிசு வாங்கியவள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்திதான்.

எனக்கு வேண்டியிருந்தது பரிசு இல்லை. போட்டி முடிந்ததும் ஒட்டுகிறார்களே ஒரு பட்டியல், அதில் மற்றவர்கள் பெயரோடு என் பெயரும், அதற்கு நேரே ஒரு எண்ணும் இருக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. அன்றைக்கே பெயர் கொடுத்தேன்.

அம்மா தூத்துக்குடிக்காரி. விஷயம் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

"ஏட்டி, ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போற நேரத்துல துப்பாக்கியா பிடிக்கப் போற?"

"முதல் பூசை முடிஞ்சுதான்மா போட்டி."

"பொட்டப்புள்ள அங்க யாராவது வருதா?"

"நான் வாரேன்லா" என்றேன்.

ஒரு விதி, ஒரு மனிதர்

இந்த மன்றத்தின் விதிப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

அதை எழுதியவர் சுந்தரேசன் சார். திட்டப் பிரிவில் அதிகாரி, மன்றத்தின் செயலாளர், நல்ல மனிதர். சோடாபுட்டிக் கண்ணாடி, மேல் வரிசை முழுக்கப் பொய்ப் பல். ஆரம்பத்தில் அந்தப் புத்தகத்தில் நாலே விதிகள்தான் இருந்தனவாம். நான் சேர்ந்தபோது முப்பத்தொன்று. சைக்ளோஸ்டைல் செய்து, ஓரத்தில் தைத்துக் கொடுத்திருந்தார்கள்.

எங்கள் ஆட்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். கடைசலிலும் மில்லிங் மெஷினிலும் கனரக வண்டிக்குப் பாகம் செய்கிறவர்கள். அவர்களிடம் போய், "துப்பாக்கிக்கு ஒரு தாங்கி கொண்டு வாருங்கள்" என்றால் சும்மா இருப்பார்களா? முதல் வருடம் மரக்கட்டை வந்தது. அடுத்த வருடம் இரும்பு. அதற்கடுத்த வருடம் திருகினால் ஏறி இறங்கும் தாங்கி, பக்கவாட்டில் நகர்த்த இன்னொரு திருகு, அதில் கோடு போட்ட அளவு.

ஹீட் ட்ரீட்மென்ட் பிரிவு முத்தையா ஒரு வருடம் கொண்டு வந்த தாங்கியை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். அதில் துப்பாக்கியை வைத்து நாலு பக்கமும் முடுக்கினார். பிறகு பக்கத்து ஆளிடம் பையனின் ஸ்கூல் அட்மிஷனைப் பற்றிப் பேசிக்கொண்டே, அட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் விசையை இழுத்தார். பத்து குண்டும் ஒரே ஓட்டை. சுட்டது தாங்கிதான், கோப்பை மட்டும் முத்தையாவுக்கு.

மறு வருடம் புது விதி வந்தது. தாங்கி துப்பாக்கியைத் தாங்கலாம், பிடிக்கக் கூடாது. ஒருவர் பையில் மணலுக்குப் பதில் ஈயத்தூள் நிரப்பினார். அதற்கொரு விதி. ஒருவர் மார்பில் தலையணையைக் கட்டிக்கொண்டு வந்து மேசையோடு சாய்ந்துகொண்டார். "சுடுபவருக்கு உதவும் எந்தச் சாதனமும் கருவியே, கருவி எல்லாம் எடைக்கு வர வேண்டும்" என்று அதற்கொரு விதி. முத்தையா விடாக்கண்டன். மேசைக் காலில் பாதத்தை முட்டுக் கொடுத்துச் சுட்டு மறுபடி ஜெயித்தார். உடனே, "இரு பாதங்களும் முழுமையாகத் தரையில் பதிய வேண்டும்."

இந்த வருடம் யார் ஜெயித்தாரோ, அடுத்த வருடம் அவரைத் தடுக்க ஒரு விதி. அந்தப் புத்தகத்தைப் படித்தாலே மன்றத்தின் வரலாறு முழுக்க வந்துவிடும்.

விளைவு, புதிதாக ஒரு ஆளும் எட்டிப் பார்ப்பதில்லை. முப்பத்தொரு விதியைப் படித்து முடிப்பதற்குள் போட்டியே முடிந்துவிடும். நிர்வாகம் ஒரு கடிதம் போட்டது. இதுவரை சுடாத ஐந்து புதியவர்களாவது இந்த வருடம் கலந்துகொள்ளாவிட்டால் கொட்டகை சைக்கிள் ஸ்டாண்ட் ஆகிவிடும். கேன்டீன் வாசல் நோட்டீஸில் இருந்த இனிப்பெல்லாம் அந்தக் கடிதத்தால் வந்ததுதான்.

பழைய புதியவர்

புதியவர் பிரிவில் ஆறு பேர். ஐந்து பேர் நிஜமாகவே புதியவர்கள். ஆறாவது, கஜபதி அண்ணன்.

கஜபதி அண்ணன் ஒன்பது வருடமாகப் புதியவர். விதி அப்படி. பொதுப் பிரிவில் பரிசு வாங்காதவரே புதியவர். அவர் பொதுப் பிரிவில் சேரவே இல்லை. பிறகு எப்படிப் பரிசு வாங்குவார்? ஒவ்வொரு வருடமும் புதியவர் பிரிவில் முதல் பரிசு வாங்கிக்கொண்டு, அடுத்த வருடம் மறுபடி கன்னி முயற்சிபோல் வெட்கத்தோடு வந்து நிற்பார்.

புதியவர்களிடம் சொந்தக் கருவி இருக்காது என்பதால், மன்றத்தின் துப்பாக்கி, மன்றத்தின் தாங்கி, மன்றத்தின் மணல் பை. மூன்றும் சேர்ந்து ஏழு கிலோ. புதியவர்களுக்கான எடை வரம்பும் ஏழு கிலோ. அந்த மூன்றையும் நிறுத்துப் பார்த்துத்தான் வரம்பையே எழுதினார்கள்.

அந்தத் துப்பாக்கிக்கு ஒரு குணம் உண்டு. நேராகக் குறி வைத்தால் இடது பக்கம் இரண்டு வளையம் தள்ளிப் போகும். இதை யாரும் யாருக்கும் சொல்வதில்லை. பயிற்சியின் முதல் நாள் எனக்கே வாயில் வந்தது, ஆனால் ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று ஆகிவிடுமே என்று அடக்கிக்கொண்டேன். வீட்டுக்கு அட்டைகளைக் கொண்டுபோய், ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ட்ரேசிங் தாளில் ஓட்டைகளைப் புள்ளி வைத்துப் பார்த்தேன். எல்லாம் இடது பக்கமே குவிந்திருந்தன. மறு வாரம் வலது பக்கம் ஒதுக்கிக் குறி வைத்தேன். குண்டு நடுவில் போய் உட்கார்ந்தது.

கஜபதி அண்ணன் அன்று என் அட்டையை எடுத்து வெகுநேரம் பார்த்தார். "நல்லா சுட்றியேம்மா" என்றார். அந்தப் பாராட்டில் சந்தோஷம் குறைவாகத்தான் இருந்தது.

போட்டி அன்று என் காலிப்பரைப் பற்றி ஆட்சேபம் எழுப்பியவர் அவர்தான்.

நாலு விரல் இடைவெளி

"தப்பா எட்த்துக்காதம்மா" என்றார் கஜபதி அண்ணன், என் பக்கம் பார்க்காமல் சுந்தரேசன் சாரிடம். "அந்த இரும்பு, மேசைக் காலு மேல சாஞ்சிகினு கீது சார். அப்ப அது சப்போர்ட்டா இல்லியா? நான் ஒண்ணும் சொல்லல. ரூல்ல இன்னா கீதுன்னு பாருங்க."

ரூலில் இருந்தது. சுடுபவருக்கு உதவும் எந்தச் சாதனமும் கருவியே. ஏழு கிலோவோடு ஒரு கிலோ நானூறு சேர்ந்தால் வரம்பு மீறல்.

"சரி சார், காலிப்பர் இல்லாமலே சுடுறேன்" என்றேன்.

ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தேன். வலது பாதம் தரையில். இடது பாதம் தரைக்கு நாலு விரல் மேலே தொங்கியது.

சுந்தரேசன் சார் புத்தகத்தைப் புரட்டினார். முகம் வாடியது. இரு பாதங்களும் முழுமையாகத் தரையில் பதிய வேண்டும்.

காலிப்பர் போட்டால் எடை கூடிவிடும். போடாவிட்டால் பாதம் எட்டாது. முத்தையாவையும் தலையணைக்காரரையும் தடுக்க எழுதிய விதிகள், பல வருடம் காத்திருந்து என்னைப் பிடித்துவிட்டன. முத்தையா பொதுப் பிரிவு வரிசையில் புதுத் தாங்கியோடு ஜம்மென்று உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

கமிட்டி கொட்டகைக்கு வெளியே போய்க் கூடிப் பேசியது. திரும்பி வந்த சுந்தரேசன் சாரின் குரல், ஆஸ்பத்திரியில் நோயாளியிடம் பேசுகிற குரலாக மாறியிருந்தது.

"ஒரு யோசனைம்மா. நீங்க வருகைப் பதிவில கையெழுத்துப் போட்டுடுங்க. கலந்துகிட்டதா கணக்கு ஆயிடும், நிர்வாகத்துக்கும் அஞ்சு பேர் காட்டிடலாம். சுட வேண்டாம். சாயங்காலம் உங்களுக்கு ஒரு ஆறுதல் பரிசு, ஸ்பெஷலா."

பெயர் வேண்டும், ஆள் வேண்டாம்.

"என்ன பரிசு சார்?" என்று கேட்டேன்.

அவர் பக்கத்து ஆளைப் பார்த்தார். பக்கத்து ஆள் மெதுவாகச் சொன்னார். "சோப்பு டப்பா மேடம். நல்ல குவாலிட்டி."

நான் சிரித்துவிட்டேன். எல்லோரும் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்து அவர்களும் சிரித்தார்கள்.

ஆட்சேப மனு

"சார், ஆட்சேபம் யார் வேணும்னாலும் எழுதித் தரலாம் இல்லையா?" என்றேன்.

"தாராளமா. இருபத்திரண்டாவது விதி."

ஒரு தாள் வாங்கினேன். ட்ரேசர் கையெழுத்து, அச்சடித்ததுபோல் இருக்கும். நிதானமாக எழுதினேன். கஜபதி அவர்கள் அணிந்திருக்கும் மூக்குக் கண்ணாடி, அவர் குறியைப் பார்க்க உதவுகிறது. ஆகவே அது கருவி. ஆகவே அதை எடைக்கு வைக்க வேண்டும். அவர் வரம்பு ஏற்கெனவே நிரம்பிவிட்டது.

சுந்தரேசன் சார் சத்தமாகப் படித்தார். பாதியில் குரல் இறங்கியது. கை தானாகத் தன் கண்ணாடிக்குப் போனது.

"கண்ணாடி எப்டிம்மா கருவியாவும்?" என்றார் கஜபதி அண்ணன். "அது கண்ணுதானே?"

"அப்போ இது கால்" என்றேன் தராசைக் காட்டி.

புதியவர்களில் டில்லிபாபு என்று ஒரு பையன். காட்டுப்பாக்கத்திலிருந்து வருகிறவன், கிரேன் ஓட்டுகிறவன். அதுவரை மூலையில் பேசாமல் நின்றிருந்தான். அவனுக்கு என்மேல் பரிதாபமா, சண்டை பார்க்கும் ஆசையா தெரியாது. இரண்டாவதுதான் என்று இன்றும் நம்புகிறேன்.

"ரூல்னா எல்லாத்துக்கும் ரூல்தான் நைனா" என்று முன்னால் வந்தான். சட்டையைத் தூக்கி, இடுப்பிலிருந்த தாயத்தை அவிழ்த்துத் தராசில் போட்டான். "எங்கம்மா பூந்தமல்லி தர்காவுல மந்திரிச்சிக் கட்னது சார். இது இல்லாங்காட்டி எனக்குக் கையே ஓடாது. இதையும் எடை போடு."

அதற்கப்புறம் யார் தடுத்தும் நிற்கவில்லை. பொதுப் பிரிவிலிருந்து ஒருவர் குடலிறக்க பெல்ட்டைக் கழற்ற வேண்டுமா என்று கவலையோடு கேட்டார். ஒருவர் கண்ணாடியைத் தட்டில் வைத்தார், இன்னொருவர் வைத்தார். கொஞ்ச நேரத்தில் என் காலிப்பரைச் சுற்றி ஏழு கண்ணாடி. "பல்லைக் கடிச்சுகினு சுட்டா கை ஆடாதுன்னு நீதானே சார் கத்துக்குடுத்த" என்று டில்லிபாபு சுந்தரேசன் சாரைப் பார்த்தபோது, அவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

கண்ணாடி இல்லாத நிலையில் விதிப் புத்தகத்தைப் படிக்கவும் கமிட்டியில் ஆள் இல்லை. நான்தான் வாங்கிப் படித்துக் காட்டினேன்.

மறுபடி வெளியே போனார்கள். இந்த முறை டீ இரண்டு ரவுண்டு போனது. திரும்பி வந்து, முப்பத்திரண்டாவது விதியை அறிவித்தார்கள். வீட்டிலிருந்து ஒருவர் அணிந்து வருவது எதுவோ, அது அவர் உடம்பாகவே கருதப்படும்.

அந்த விதியின் கதி என்ன என்று கேட்காதீர்கள். அடுத்த வருடம் முத்தையா, கைகளில் மணல் பை வைத்துத் தைத்த தோல் கோட்டைப் போட்டுக்கொண்டு, சித்திரை வெயிலில் வீட்டிலிருந்தே நடந்து வந்தார். முப்பத்து மூன்றாவது விதி அவருக்காக.

பத்து குண்டு

காலிப்பரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். இரு பாதங்களும் தரையில் பதிந்தன. ஒருவர் குனிந்து பார்த்து உறுதி செய்தார்.

முதல் ஆறு குண்டும் நான் நினைத்த இடத்தில் போயின. மூச்சை இழுத்து, பாதி விட்டு, நிறுத்தி, விசை. எனக்குப் பழகிய வேலைதான். கோடு இழுப்பதுபோல்தான்.

ஏழாவதில் பின்னால் யாரோ, "இந்தப் பொண்ணு பிச்சுகினு போவுதே" என்றார்கள். கஜபதி அண்ணனாகவும் இருக்கலாம். மனசு ஒரு கணம் பட்டியலுக்குப் போய்விட்டது. என் பெயர் மேலே இருப்பதைப் பார்த்துவிட்டேன். விரல் இழுத்துவிட்டது. குண்டு அட்டையின் விளிம்பில் போய் விழுந்தது. எட்டாவது, அந்தக் கோபத்தில் போனது. கடைசி இரண்டும் பரவாயில்லை.

மதியம் பட்டியல் ஒட்டினார்கள். புதியவர் பிரிவு. முதல் இடம், கஜபதி, பத்தாவது முறையாகப் புதியவர். இரண்டாவது டில்லிபாபு. தாயத்து வேலை செய்திருக்கிறது. மூன்றாவது ஸ்டோர்ஸில் இருந்த ஒருவர். நாலாவது என் பெயர். எதிரே நூற்றுக்கு எண்பத்தொன்று. மூன்றாவது ஆளுக்கு எண்பத்திரண்டு.

பட்டியலின் கீழே "ஆறுதல் பரிசு" என்று எதுவும் இல்லை. கூட்டம் கலைந்த பிறகு இன்னொரு முறை போய்ப் பார்த்தேன். அப்போதும் நாலாவதுதான்.

எனக்கு அதுவரை தோற்றுப் பழக்கமில்லை. என்னை யாரும் தோற்க விட்டதே இல்லை.

அம்மா மன்றத்து வாசல் புங்க மரத்தடியில் தூக்குச் சட்டியோடு உட்கார்ந்திருந்தாள். கொட்டகைக்குள் வர மாட்டேன் என்று சபதம். ஆனால் உள்ளே நடந்தது எல்லாம் ஆள் வழியாகக் காதுக்குப் போயிருந்தது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வருவதைப் பார்த்ததும் எழுந்தாள்.

"அழாதட்டி. புள்ளயோட காலைக் கழத்தி தராசுல வைக்கச் சொன்னானுவளே, அவனுவ கை விளங்குமா? மாதா பாத்துக்கிட்டுதான் இருக்கா."

"அதுக்கு இல்லம்மா."

"பொறவு எதுக்கு அழுத?"

"ஏழாவது குண்டும்மா. மூச்சை நிறுத்துறதுக்கு முன்னாடியே அவசரப்பட்டு இழுத்துட்டேன். அது ஒண்ணு ஒழுங்கா போயிருந்தா மூணாவது வந்திருப்பேன். ஒரே ஒரு பாயிண்ட்டும்மா."

அம்மா நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"எட்டு மணி நேரம் மூச்சடக்கி வேலை பாக்கவளுக்கு, ஒரு குண்டுக்கு மூச்சடக்க முடியலயோ? ஏட்டி, என்ன எளவுக்கு அவசரப்பட்ட?"

காலைக் காரணம் காட்டி என்னை அந்த மூன்று வயது முதல் ஒரு வார்த்தை கடிந்து பேசாத அம்மா, அன்று வீடு வந்து சேரும்வரை வழி நெடுகத் திட்டிக்கொண்டே வந்தாள்.